டைப் டீச்சர் பதில்கள்: மேசையை அளந்துட்டுக் கடைக்குப் போங்க

கேள்வி: டீச்சர், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். காலையிலிருந்து இரவு வரை டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான். இரண்டு மாதமாக வலது தோளும் பொடனியும் பிடித்து இழுக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண், நடுவில் பிளந்து வளைந்திருக்கும் கீபோர்டு வாங்கச் சொல்கிறாள். பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது. வாங்கலாமா? என் உயரம் ஐந்தடி. ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.
(ஒரு வாசகி, திருப்பூர்)

போட்டோ வந்துச்சு கண்ணு. நீ கீபோர்டைப் பாருங்கன்னு அனுப்பினே, நான் மொதல்ல உன்ற காலைத்தான் பார்த்தேன். குதிகால் ரெண்டும் தரையில படலை. நாற்காலி நுனியில, நுனிவிரலை ஊனிக்கிட்டு, பஸ் வந்தா எந்திரிச்சு ஓடறவளாட்ட உக்காந்திருக்கறே. தோள் ரெண்டும் காதுக்குப் பக்கத்துல நிக்குது. பொடனி வலிக்காம என்ன பண்ணும்?

ஒரு இஞ்ச் டேப்பு எடு. பனியன் கம்பெனியில அதுக்கா பஞ்சம்! பாதம் முழுசும் தரையில பதியற மாதிரி நல்லாப் பின்னால தள்ளி உக்காரு. தோளைத் தொங்க விட்டுட்டு மொழங்கையை மடக்கு. தரையில இருந்து மொழங்கை வரைக்கும் அந்தக் கூட வேலை பார்க்கற பிள்ளையை அளக்கச் சொல்லு. அஞ்சடி ஒசரத்துக்கு 24, 25 அங்குலம் வரும். உன்ற மேசை, நம்மூர் ஆபீஸ் மேசை முக்காவாசியும் போல, 30 அங்குலம் இருக்கும். அதுக்கு மேல கீபோர்டு கனம் ஒரு அங்குலம். ஆக, ஆறு அங்குலம் எச்சு. அந்த ஆறு அங்குலத்தை ஒன்பது வருசமா உன்ற தோளுதான் தூக்கிப் பிடிச்சுட்டு இருக்குது.

30 அங்குலம்ங்கறது பேனாவுல எழுதறவங்களுக்கான ஒசரம். கோபியில நான் டைப் இன்ஸ்டிட்யூட் நடத்தின 31 வருசமும் டைப் மேசை 26 அங்குலத்துக்கு மேல போனதில்லை. டைப்ரைட்டர் மிஷினே ஒரு கெட்டி ஒசரம் இருக்கும், அதனால மேசையைக் குட்டையா அடிக்கறது. ஒருக்கா ஆசாரி, பாக்க லட்சணமா இருக்கட்டும்னு 29 அங்குலத்துல அடிச்சுக் கொண்டாந்துட்டார். அன்னைக்குச் சாயங்காலமே நாலு காலையும் அறுக்க வெச்சுத்தான் அவரைத் தாட்டி விட்டேன். அப்பறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. மிஷின் தட்டையாச்சு. ஆனா அதைக் கொண்டுபோய் எழுதற மேசை மேலயே வெச்சுட்டாங்க. கெரகம் அங்கதான் ஆரம்பிச்சுது.

கம்பெனி மேசையை நீ அறுக்க முடியாது. அதனால நாற்காலியை அஞ்சு அங்குலம் ஏத்து. கால் இன்னும் தொங்கும், சரிதானே? அதுக்கு ஒரு பலகை வேணும். ரெண்டு பக்கமும் செங்கல், மேல ஒரு மரப்பலகை, போதும். அட்டைப்பெட்டி வெய்க்காதே, நாலு நாள்ல அமுங்கிரும். மேசைக்கு அடியில டிராயர் இருந்தா தொடை இடிக்குதான்னு பாரு. இடிச்சா இந்த வழி ஆகாது, மேசைக்குக் கீழ இழுத்து விடற கீபோர்டுத் தட்டு ஒண்ணு மாட்டித் தரச் சொல்லி முதலாளிகிட்ட கேளு. ஒன்பது வருசம் கணக்குப் பார்த்த பிள்ளைக்கு அதைக்கூடச் செய்ய மாட்டாரா?

இன்னொரு சமாச்சாரம். கீபோர்டு பின்பக்கம் ரெண்டு குட்டிக் கால் இருக்குதே, அதை மடக்கி வெச்சுரு. எல்லாரும் அதைத் தூக்கி விட்டாத்தான் வசதின்னு நெனைக்கறாங்க. தூக்கினா மணிக்கட்டு மேலாக்க வளையும். என்ற மாஸ்டர் பொறங்கையில எட்டணாக் காசை வெச்சுட்டு அடிக்கச் சொல்லுவார். காசு விழுந்தா மணிக்கட்டு வளைஞ்சிருக்குதுன்னு அர்த்தம்.

இப்ப அந்தப் பத்தாயிரம் ரூபா கீபோர்டுக்கு வாறேன். பிளந்து வளைஞ்ச கீபோர்டு, ரெண்டு கையாலயும் எழுத்து அடிக்கறவங்களுக்கு. நீ நாள் பூரா எந்த விரல்ல அடிக்கறே? சோத்தாங்கை மூணு விரல், 4, 5, 6. அஞ்சு மேல இருக்கற சின்ன மேட்டைத் தடவித் தடவி அடிக்கறே. எழுத்துப் பக்கம் எவ்வளவு பிளந்திருந்தா உனக்கென்ன கண்ணு? அதுவும் போக, அந்த மாதிரியில சிலதுல நம்பர் பகுதியே இருக்காது. பத்தாயிரம் குடுத்துட்டு அழுகோணும்.

உன்ற தோள் வலிக்கு ரெண்டாவது காரணம் மவுஸு. நம்பர் பகுதியும் அம்புக்குறிப் பகுதியும் சேர்ந்து ஆறு அங்குலம் எடத்தைப் புடிச்சுக்குது. அதையும் தாண்டி அக்கட்டால மவுஸு. கை விரிஞ்சு, தோள் வெளியில தள்ளிட்டே நிக்குது. அதனால மவுஸைத் தூக்கி ஒரட்டாங்கைப் பக்கம் வெய்யி. டேலியில மவுஸுக்கு என்ன பெருசா வேலை? எஃப் 8 சேல்ஸு, எஃப் 9 பர்ச்சேஸு, எஃப் 5 பேமென்ட்டு, மத்ததெல்லாம் என்டர். பத்து நாளைக்கு ஒரட்டாங்கை தடுமாறும், அப்பறம் படிஞ்சுரும். காசு செலவில்லை.

அதுக்கும் சரிப்படலைன்னா, நம்பர் பகுதி இல்லாத 87 சாவி கீபோர்டு ஒண்ணும், தனியா ஒரு நம்பர் பேடும் வாங்கு. தனி நம்பர் பேடு ஆயிரத்துக்குள்ளயே கெடைக்குது. அதை உன்ற வலது தோளுக்கு நேரா எங்க வேணும்னாலும் நகர்த்தி வெச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு பார்த்து வாங்கு. சின்னக் கீபோர்டுகள்ல எஃப் சாவி மேலயே சத்தம் கூட்டறது, வெளிச்சம் கொறைக்கறதெல்லாம் போட்டு வெச்சிருப்பாங்க. எஃப் 8 அடிச்சா சேல்ஸ் தெறக்காது, பாட்டு நின்னு போகும். அந்த வேலையை மாத்தி வெய்க்க வழி இருக்குதான்னு கடையிலயே கேட்டுக்க. எஃப் சாவிகள் நாலு நாலா எடம் விட்டு நிக்கற கீபோர்டா இருந்தா ரொம்ப ஒசத்தி, பாக்காமயே விரல் போயிரும்.

மேசையும் மவுஸும் மாத்தி மூணு வாரம் ஆகியும் வலி நிக்கலைன்னா டாக்டர்கிட்டப் போ. அதுக்கு மேல எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் கெடையாது.

கேள்வி: சாவிச் சந்தில் நூல் பஞ்சு அடைத்துக்கொள்கிறது. ஊதினால் போகவில்லை. தண்ணீர் விடலாமா?
(வாசகர், கரூர்)

விடாதீங்க. வாயால ஊதறதும் வேண்டாம், எச்சில் ஈரத்துல பஞ்சு இன்னும் ஒட்டிக்கும். ஒயரைக் கழட்டிட்டு, கவுத்துப் போட்டு முதுகுல தட்டுங்க, பழைய பெயிண்ட் பிரஷ்ல தள்ளுங்க. ஒவ்வொரு சாவிக்கும் தனி ஸ்பிரிங் சுவிட்ச் வெச்ச மெக்கானிக்கல் கீபோர்டா இருந்தா சாவித் தொப்பிகளைக் கழட்டிச் சோப்புத்தண்ணியில போட்டு, காய வெச்சு மாட்டலாம். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நான் எடுக்காம கழட்டி, ஸ்க்ரோல் லாக் (Scroll Lock) சாவியும் பாஸ் (Pause) சாவியும் எங்க இருந்துச்சுன்னு தெரியாம ஒரு மத்தியானம் போச்சு. டீ கொட்டினாலும் இதேதான்: மொதல்ல ஒயர், அப்பறம் கவுத்தறது.

கேள்வி: அக்கா, நான் சென்னிமலை. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். லேப்டாப்பில் கோடு எழுதி எழுதி விரல் வலிக்கிறது. மெக்கானிக்கல் கீபோர்டு, அதுவும் ப்ளூ சுவிட்ச் வாங்கலாம் என்று ஆசை. பிரச்சினை என்னவென்றால், ராத்திரி நான் வேலை செய்யும் ஹாலில்தான் அப்பத்தா தூங்குவார். "தறிச் சத்தத்திலேயே தூங்கினவளுக்கு இது என்னடா" என்கிறார். வாங்கலாமா?

அப்பத்தா பெரிய மனசுக்காரங்க தம்பி, ஆனா நம்பாதே. தறிச் சத்தம் ஒரே சீரா ஓடும். ஓடற வரைக்கும் தூக்கம் வரும், நின்னாத்தான் முழிப்பு வரும். நீ அடிக்கறது அப்படியா? பத்து எழுத்து படபடன்னு, அப்பறம் ரெண்டு நிமிசம் ரோசனை, மறுக்கா ஒரு படபட. தூங்கறவங்களை எழுப்பறதுக்கு அதை விட நல்ல வழி இல்லை.

ப்ளூன்னா என்னன்னு தெரியோணுமா? டிவிஎஸ் கோல்டு கீபோர்டு வெச்ச பில் கவுண்டர் முன்னால கொஞ்ச நேரம் நில்லு. 'டக்கு டக்கு'ன்னு கேக்குமே, அந்த ஜாதி. சாவி பாதி எறங்கினதும் ஒரு தட்டு விரல்ல தெரியும், ஒரு சத்தமும் வரும். பிரவுன்ல தட்டு தெரியும், அந்தச் சத்தம் வராது. ரெட்டுல ரெண்டும் இல்லை, வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி நேரா எறங்கும். இந்த நெறப் பேரெல்லாம் ஜெர்மனி செர்ரி கம்பெனி வெச்சது. இப்ப ஊர்ப்பட்ட கம்பெனி அதே நெறத்தைப் போட்டு விக்கறாங்க, ஆனா ஒருத்தர் ரெட்டு மாதிரி இன்னொருத்தர் ரெட்டு இருக்கறதில்லை. நெறத்தை நம்பி வாங்காதே, விரலை நம்பி வாங்கு.

செர்ரி ரெட்டை அமுக்க 45 கிராம் கனம் போதும். மொத்தம் 4 மில்லிமீட்டர் எறங்கும், ஆனா 2 மில்லிமீட்டர்லயே எழுத்து விழுந்துரும். லேப்டாப்புல எறக்கமே அதுல பாதிகூட இருக்காது, ஒவ்வொரு அடியும் அடித்தட்டுல போய் முட்டும். உன்ற விரல் வலிக்கு அதுதான் பங்காளி. மெக்கானிக்கல்ல அடிவரைக்கும் குத்தாம, எழுத்து விழுந்ததும் விரலைத் தூக்கப் பழகினா வலி கொறையும். நான் ரெமிங்டன் டைப்ரைட்டர்ல பழகின கை, கடப்பாரை போடற மாதிரி அடிவரைக்கும் போடுவேன். எனக்கு எந்தச் சுவிட்சும் சத்தம் போடும். நீ இளந்தாரி, மாத்திக்கலாம்.

வேகத்துக்காக ப்ளூ வேணும்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு வந்துரு. டைப்புல லோயருக்கு அடுத்த ஹையர் பரீட்சைக்கு நிமிசத்துக்கு 45 வார்த்தை. என்ற பிள்ளைக அதை ஆணி கழண்ட மிஷின்லயே அடிச்சுப் பாஸ் பண்ணியிருக்குதுக.

உனக்கு பிரவுன் அல்லது ரெட்டு. ஈரோடோ கோயமுத்தூரோ போய், பிரிச்சு வெச்சிருக்கற கடையாப் பார்த்து, ஒரு பக்கம் முழுசும் அடிச்சுப் பாரு. ஒத்தைச் சாவியை அமுக்கிப் பார்க்கறது, தக்காளியை அமுக்கிப் பார்த்து ரசம் எப்படி இருக்கும்னு சொல்ற மாதிரி. மெக்கானிக்கல் கீபோர்டு முன்பக்கமே ஒசரமா இருக்கும், அதனால உள்ளங்கை வெய்க்க முன்னால ஒரு கட்டை வேணும். கட்டை இளைப்பாறத்தான், அடிக்கும்போது கை அதுல ஊனி இருக்கப்படாது. தனிக் கீபோர்டு வந்ததும் லேப்டாப்பை நாலு தடிப் புஸ்தகத்து மேல ஏத்திரு, கழுத்து நிமிரும். இன்ஜினியரிங் புஸ்தகத்துக்கு அந்த உபயோகமாச்சும் ஆகட்டும்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் காங்கேயம் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். எங்கள் பகுதி கும்மிப் பாட்டுகளைத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறேன். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஐந்து எழுத்து அடித்துத் தமிழாக்கும் முறையில்தான் அடிக்கிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் சுண்டுவிரல் ஓய்ந்துவிடுகிறது. தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு வாங்கினால் சுலபமாகுமா?

வணக்கமுங்க அய்யா. உங்க கேள்விக்கு எழுதறதுக்காகவே இந்த மாசம் உக்காந்தேன்னு வெச்சுக்கோங்க.

எழுத்து அச்சடிச்ச கீபோர்டு வேண்டாமுங்க. அச்சு இருந்தா கண்ணு கீழயே நிக்கும், கழுத்து குனிஞ்சே இருக்கும். எந்தக் கீபோர்டும் தமிழ்க் கீபோர்டுதான், விசை அமைப்பை மாத்தினாப் போதும். நீங்க இப்பத் தமிழை இங்கிலீசு வழியா நெனைச்சு அடிக்கறீங்க. சுண்டுவிரல் ஓயறது, நெடிலுக்கும் ணகர ளகரத்துக்கும் ஷிஃப்டைப் போய்ப் போய் அமுக்கறதால. தமிழ் 99 பழகுங்க. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்து, தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட அமைப்பு. விண்டோஸ் 10-லயே சேர்ந்து வருது, தனியா எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அதுல உயிரெல்லாம் இடது கைக்கு, மெய்யில முக்காவாசி வலது கைக்கு. விரலை வெச்சு இளைப்பாறற நடு வரிசையில இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. ஒரு தமிழாசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நாம பேசறதுல பாதி இந்த எழுத்துகதான். வலது கை ஒரு மெய் போட்டா இடது கை ஒரு உயிர் போடும், வலது, இடது, வலது, இடதுன்னு. நீங்க சேர்க்கற கும்மியில ரெண்டு கை தட்டறாப்பலயேதானுங்க. ஒரே கை ஓடி ஓடிக் களைக்காது.

புள்ளியும் முக்காவாசி தானா விழுந்துக்கும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. நாலே தட்டு. ரெண்டு ம அடுத்தடுத்து வந்தா மொதல் ம மேல புள்ளி தானா ஏறிரும். 'பந்து'க்கு ப, ந, த, உ. இன எழுத்து வந்தாலும் புள்ளி தானா வருது பாருங்க. வல்லினத்துக்கு முன்னால அதன் மெல்லினம் வரும்னு நீங்க பையங்களுக்குச் சொல்லிக் குடுத்த இலக்கணத்தையே மிஷினுக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க.

நான் பழகினது பழைய தட்டச்சு முறை. யாழ்ப்பாணத்துல பொறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்கு மிஷின் பண்ணினவரு. 247 எழுத்தையும் ஒரு இங்கிலீசு மிஷின் சாவிக்குள்ள அடக்கறதுன்னா சும்மாவா? தட்டினாலும் காகிதம் நகராத சாவின்னு ஒண்ணு வெச்சு, புள்ளியை மொதல்ல தட்டிட்டு அப்பறம் எழுத்தைத் தட்ட வெச்சாங்க. அந்தப் பழக்கத்துல எனக்கு இன்னும் 'க்'குன்னா மனசுல புள்ளிதான் மொதல்ல வருது. அம்பத்தெட்டு வயசுல தமிழ் 99-க்கு மாறினேன். ரெண்டு மாசம் அழுகாத கொறை. இப்பத் திரும்பிப் போகச் சொன்னா மாட்டேன்.

கீபோர்டு வாங்கும்போது தமிழ்ல அடிக்கறவங்க ஒரு எடத்தை அவசியம் பாக்கோணும், கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. வலது கடைசி ஓரம். இங்கிலீசுக்காரங்களுக்கு அந்த ஓரத்துல அடைப்புக்குறி, மேற்கோள்குறி, சாய்கோடு. அவங்களுக்கு எப்பவாச்சும்தான் வேணும், அதனால சின்னக் கீபோர்டுகள்ல அந்தச் சாவிகளைத்தான் பாதியா நறுக்கறாங்க. நமக்கோ தமிழ் 99-ல அங்கதான் ச, ஞ, ய, ழ உக்காந்திருக்குது. கோயமுத்தூர்ல ஒரு கடையில, கைப்பைக்குள்ள போறாப்பல அழகா ஒண்ணு இருக்குதேன்னு வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து 'மஞ்சள்'னு அடிச்சா 'மசள்'னு விழுது. ஞ சாவி கடுகு மாதிரி இருக்குது, விரலுக்குச் சிக்கவே இல்லை. மஞ்சள் வெளையற ஊர்ல ஒக்காந்துட்டு மஞ்சள்னு அடிக்க முடியலைன்னா அந்தக் கீபோர்டு எதுக்கு? திருப்பிக் குடுக்கப் போனா, உறை பிரிச்சாச்சுன்னுட்டார். அதை இப்பப் பேரன் வெளையாட்டுச் சாமானோட போட்டு வெச்சிருக்கான்.

அதனால ஒரு சாவி நடுவுல இருந்து அடுத்த சாவி நடு வரைக்கும் முக்கால் அங்குலம், 19 மில்லிமீட்டர், கடைசி ஓரம் வரைக்கும் கொறையாம இருக்குதான்னு ஒரு ஸ்கேல் வெச்சுப் பாருங்க. உங்களுக்கு மெக்கானிக்கல் அவசியமில்லை. ஐந்நூறு, எழுநூறு ரூபாக்குக் கெடைக்கற, சாவிக்கு அடியில ரப்பர் வெச்ச சாதாரணக் கீபோர்டுலயே அழுத்தம் லேசா இருக்கறது உண்டு. கறுப்புல வெள்ளை எழுத்து, எழுத்து பெருசா இருந்தா கண்ணுக்கு நல்லது. எஃப்புலயும் ஜேயிலயும் இருக்கற சின்ன மேடு விரலுக்கு நல்லாத் தட்டுப்படோணும், அதுதான் உங்களுக்கு ஊர் எல்லைக்கல்லு.

தினமும் கால் மணி நேரம், கை மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, நடு வரிசையை மட்டும் அடிங்க. நாங்க ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜேன்னு ஒரு மாசம் அடிச்சாத்தான் அடுத்த வரிசைக்கு விடுவோம். நீங்க அ இ உ, ந த ம ப கன்னு அடிங்க. பொறவு ஒரு கும்மிப் பாட்டு. எனக்கும் ஒண்ணு அனுப்புங்க அய்யா.

கேள்வி: ஈரோட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் டிடிபி (கணினியில் அச்சுக்கோர்க்கும்) வேலை. முகூர்த்த மாதங்களில் பன்னிரண்டு மணி நேரம் அடிக்கிறேன். ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுந்து கை உதறுகிறேன். ஜெல் வைத்த ரிஸ்ட் ரெஸ்ட் வாங்கினால் போதுமா?

போதாது அம்மணி. இந்த வாரமே டாக்டர்கிட்டப் போ. நீ சொன்ன அந்த மூணு விரலுக்கும் மோதிர விரல்ல பாதிக்கும் ஒரே நரம்புதான் மணிக்கட்டுக்குள்ள ஒரு சின்னச் சந்து வழியா வருது. அந்தச் சந்துல நெருக்கம் ஆனா ராத்திரியிலதான் மரமரப்பு எச்சா தெரியும். சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் வரும், அதையும் பாக்கச் சொல்லு. ஜெல் மெத்தையை மணிக்கட்டுக்கு நேரா வெச்சு அழுத்திட்டே அடிச்சா, நெருக்கத்துக்கு மேல நெருக்கம். திருப்பூர்ப் பிள்ளைக்கு வேண்டாம்னு சொன்னேனே, அந்தப் பிளந்த கீபோர்டு உனக்குத்தான் பொருந்தும், ரெண்டு மணிக்கட்டும் வெளிப்பக்கம் ஒடியாம நேரா நிக்கும். ஆனா டாக்டரைப் பார்த்த பொறகு. கீபோர்டு வாங்கிட்டமேன்னு டாக்டரைத் தள்ளிப் போடாதே.

கேள்வி: டீச்சர், நான் உங்களிடம் லோயர் படித்தவள். இப்போது சத்தியமங்கலம். இத்தனை பேருக்குச் சொல்கிறீர்களே, நீங்கள் எதில் அடிக்கிறீர்கள்?

அடிப்பாவி, லோயர் படிச்சுட்டு ஹையருக்கு வராமப் போனவ நீதானா! 87 சாவி, பிரவுன் சுவிட்ச், ஒயர் வெச்சது. ஒயர் இல்லாததுல பேட்டரி தீர்ந்தா ராத்திரி கடைக்கு ஓடோணும், எனக்கு ஆகாது. வாங்கி ஆறு வருசம் ஆச்சு, எஃப்பும் ஜேயும் வழவழன்னு தேய்ஞ்சு போச்சு. மேசைதான் சண்டையாப் போச்சு. சோத்து மேசை சும்மாத்தானே கெடக்குதுன்னு ஆசாரியைக் கூப்பிட்டு நாலு அங்குலம் அறுத்துட்டேன். மருமக ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. இப்பப் பேரனுக்குக் கால் தரையில பதியற ஒரே எடம் அதுதான், வட்டலைத் தூக்கிட்டு நேரா அங்கதான் வாறான். நான் அடிக்கோணும்னா அவன் சோறு தின்னு முடிக்கற வரைக்கும் காத்துட்டு நிக்கறேன்.